காளவாசல் தெரு வரை வந்த மேசை

நத்தைக்குளம் பேரூராட்சியில் அநியாயம் இழைக்கப்பட்டவர்கள் காளவாசல் தெருவின் பெண்பிள்ளைகள். இழைக்கப்பட்ட அநியாயம் என்னவென்றால், அந்தத் தெருக் குழாயில் காலை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரை, அங்கே குடியிருக்கும் ஒரு மனுசியிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல், பத்தரை மணிக்கு மாற்றி வைத்ததுதான். தண்ணீர்தானே, எப்போது வந்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் குடம் தூக்குவது யார் என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. காளவாசல் தெருப் பெண்கள் ஏழு மணிக்கெல்லாம் தையல் கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். ஆண்கள் அதற்கும் முன்னாலேயே கல்குவாரிக்கும் லாரிக்கும் கிளம்பியிருப்பார்கள். பத்தரை மணிக்கு அந்தத் தெருவில் மிச்சம் இருப்பது கோழிகளும் எழுந்து நடக்க முடியாதவர்களும்தான். கோழி குடம் தூக்காது. ஆகவே தெரு கூடிப் பேசி, தினமும் ஒரு வீட்டுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நின்று எல்லா வீட்டுக் குடத்தையும் நிரப்பி வைப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டது. அதற்குத் தண்ணி முறை என்று பெயர். பையன்களுக்கு அந்த முறை கிடையாது. ஏன் கிடையாது என்று யாரும் கேட்கவுமில்லை. பேரூராட்சி செய்த அநியாயத்துக்குள் தெரு தன் பங்குக்கு ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பேச்சிக்கனியின் மகள் தங்கேஸ்வரி பத்தாம் வகுப்பு படித்தாள். முறை வந்த நாளெல்லாம் நின்று தண்ணீர் பிடித்தாள். முறை செய்த பிள்ளைகளில் சிலரை, பாதி நாள் வீட்டில்தானே இருக்கிறாள், மீதி நாளும் இருக்கட்டும் என்று வீட்டார் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டதில், மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு முறை சீக்கிரம் சீக்கிரமாக வந்தது. கடைசியில் தலைமையாசிரியை பேச்சிக்கனியைக் கூப்பிட்டு, "இதுக்கு மேல லீவு போட்டா புள்ளைய பரிட்சை எழுத விட முடியாதும்மா, அப்புறம் என்னையச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டார். தங்கேஸ்வரி அதைக் கேட்டு அழவில்லை. "நின்னுக்கிடுதேம்மா, நானும் ஒன்கூட வேன்ல வந்துருதேன்" என்றாள். வேனில் பேச்சிக்கனியின் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது.

அவள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பேரூராட்சிக் கூட்டத்துக்குப் போனாள்.

நத்தைக்குளத்தின் கூட்ட அறையில் ஒரு வழக்கம் இருந்தது. நடுவில் கிடக்கிற வேங்கை மர மேசையில் கை வைத்து உட்கார்ந்தவர் பேசலாம், நின்றவர் பார்க்கலாம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் சட்டத்தில் உள்ளதையெல்லாம் விட ஒழுங்காக இதைத்தான் அங்கே கடைப்பிடித்தார்கள். மேசையின் தலைமாட்டில் இருந்த பெரிய நாற்காலியில் குற்றாலிங்கம் உட்கார்ந்திருந்தார். ஊர் அவரைத் தலைவர் அண்ணாச்சி என்றது. ஓட்டு வாங்கி ஜெயித்த தலைவர் அவர் பெண்சாதி சண்முகவடிவு. அவள் அவருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் நேரத்துக்காகக் காத்திருந்தாள். கையை மடியில் வைத்திருந்ததால் வழக்கப்படி அவளுக்கும் பேச்சு கிடையாது.

பின்வரிசையில் நின்றபடியே பேச்சிக்கனி சத்தமாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, எங்க தெருத் தண்ணிய ஆறு மணிக்கே விடணும். எங்க புள்ளைக படிப்பு போகுது."

குற்றாலிங்கம் கோபப்படவில்லை. அவர் கெட்ட மனிதரும் இல்லை. யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் தன் காரை அனுப்புகிறவர். ஆனால் காரை அனுப்புவது வேறு, காது கொடுப்பது வேறு.

"தாயி, நிக்கிறவுக பேசப்படாதுன்னு இங்க ஒரு மொறை இருக்கு. ஒனக்கு இங்க நாற்காலி இல்ல. மேசை ஒன் தெருவுக்கு வரட்டும், அப்ப உக்காந்து பேசு, நானே கேக்கேன்" என்றார். மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். சண்முகவடிவு மட்டும் சிரிக்கவில்லை. அவள் அங்கே எதற்கும் சிரித்ததில்லை.

மறுநாள் காலையில் மேசை கதவைத் தாண்டி வெளியே வந்திருந்தது.

தலைமாடு அது கிடந்த இடத்திலேயே கிடக்க, கால்மாடு மட்டும் படியிறங்கி வாசலில் நின்றது. கூட்டிப் பெருக்க வந்தவர், யாரோ இழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே தள்ளிப் பார்த்தார். அது நகராததால் அதன் மேலேயே விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது விளக்குமாறு இருந்த இடம் தெரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் போயிருந்தது. சுரைக்கொடி வளர்கிற மாதிரி, கண் வைத்துப் பார்த்தால் அசையாமலும் கண்ணை எடுத்தால் ஒரு சாண் நீண்டும், ஒரு ஆள் சம்மணமாய் உட்காரும் அகலத்துக்கு ஒரு ஜோடிக் கால் முளைத்தும், மேசை பீர் பாயின் டீக்கடையைக் கடந்து, ரேஷன் கடை முன்னால் வளைந்து, ரத வீதிக்குள் நுழைந்து, கல்யாண மண்டபத்தையும் பஸ் ஸ்டாண்டையும் தாண்டி, வழி கேட்டுத் தெரிந்துகொண்டதுபோல் நிதானமாக ஊருக்குள் போனது.

எப்படி வளர்கிறது என்று நத்தைக்குளத்தில் யாரும் கேட்கவில்லை. பஸ் எந்தப் பக்கமாகப் போகும் என்றுதான் கேட்டார்கள். பஸ் மேசைக்கு வலப்பக்கம் போய் இடப்பக்கம் திரும்பி வந்தது. கண்டக்டர்கள் "மேசை முக்கு எறங்கு" என்று கூவப் பழகினார்கள். குறுக்கே போகிற சைக்கிள்காரர்கள் குனிந்து அடியில் புகுந்து அந்தப் பக்கம் நிமிர்ந்தார்கள். ரேஷன் வரிசையில் கால் கடுக்க நின்றவர்கள் இப்போது உட்கார்ந்து காத்திருந்தார்கள். தையல்காரர் துணி வெட்டினார், மிளகாய் வத்தல் காய்ந்தது, டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், அடியில் நாய்கள் நிழல் பார்த்துப் படுத்தன. மண்டபத்துக்கு வந்த ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் மேசையோடு கூடவே நடந்து வழியெல்லாம் சந்தனக் கிண்ணத்தை அதில் வைத்து எடுத்துக்கொண்டு போனது. ரத வீதி டாக்டர் வீட்டுக் கார் மட்டும் வெளியே வர முடியாமல் நின்றுவிட, அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகத் தொடங்கி, தன் தெருவில் சாக்கடை எந்தெந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்.

செயல் அலுவலருக்குத்தான் தூக்கம் போயிற்று. சாலையை மறித்துப் பொருள் வைத்தால் ஆக்கிரமிப்பு. ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியது பேரூராட்சி. மேசையோ பேரூராட்சியின் மேசை. மனிதர் தனக்குத்தானே நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தன் பதிலுக்காகத் தானே காத்திருந்தார். அதற்கிடையில் தச்சு வேலை மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டு ரம்பம் போடச் சொன்னார்கள். அவர் அறுத்தார், அறுத்த துண்டு கையில் இருக்கும்போதே மேசை அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது தேவையான மட்டும் போய்ட்டு நிக்கும் சார். நெனச்ச நீளம் போகாத மரம்தான் வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு, அறுத்த துண்டுக்குக் கால் வைத்து டீக்கடைக்கு ஒரு பெஞ்சு செய்து கொடுத்துவிட்டார்.

பேச்சிக்கனி மட்டும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், வேன் ஜன்னல் வழியாகத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு போனாள். இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு, இன்றைக்குப் பாலம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தலைவர் சொன்ன கேலியை அவள் வெளியே விடவில்லை, விட்டால் மேசைக்குக் கூச்சம் வந்து நின்றுவிடுமோ என்று ஒரு பயம். ஆனால் அது காளவாசல் பக்கமாகத் திரும்பிய அன்று வேன் முழுக்கச் சிரிப்பாகச் சிரித்தது.

"ஏட்டி பேச்சி, ஒன்னையத்தான் பொண்ணு பாக்க வருது போல."

"வரட்டும்டி. லாரிக்குப் போன மனுசன் வர மாசமாவும், அதுக்குள்ள ஒரு ஆள் வீட்டுக்கு வந்தா எனக்கும் ஒத்தாசைதான்."

"மாப்பிள்ளைக்குக் கால் எத்தனைன்னு எண்ணிட்டுச் சம்மதம் சொல்லுளா."

மேசை காளவாசல் தெருக் குழாயடிக்கு வந்தது, குழாய்க்கு ஒரு குடம் வைக்க இடம் விட்டது, நின்றது. அதற்குமேல் ஒரு விரல்கூட வளரவில்லை.

அன்று சாயங்காலம் பேச்சிக்கனி வீட்டிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்து உட்கார்ந்தாள். அப்போதுதான் தெருவுக்கு அந்த வழக்கம் நினைவு வந்தது. தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கும், அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும், பீர் பாய் கடைக்கும் அது பரவியபோது, வத்தல் காயப்போட்டவர்களும் வாய்ப்பாடு சொன்னவர்களும் துணி வெட்டியவரும் தாங்கள் இத்தனை நாளாய் எதில் கை வைத்துக்கொண்டிருந்தோம் என்று குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

பேரூராட்சிக்கு இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நாளானது. புரிந்ததும் அவசரமாக ஒரு கூட்டம் போட்டு அந்த வழக்கத்தையே ரத்து செய்யப் பார்த்தார்கள். செயல் அலுவலர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ரத்து செய்யலாம் அண்ணாச்சி. ஆனா மேசைல உக்காந்திருக்கவங்கள்ல பாதிப் பேருக்கு மேல கை தூக்கணும்" என்றார். குற்றாலிங்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மேசையில் ஊர் உட்கார்ந்திருந்தது. இப்படி ஒரு தர்மசங்கடத்தை ஏற்படுத்த எத்தனை மனுக்கள் எழுதினாலும் முடிந்திருக்காது என்பதைப் படித்தவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மாதக் கூட்டத்து நாளில் தையல் கம்பெனி வேன் காலியாகப் போனது. முக்காலி, ஸ்டூல், கவிழ்த்துப் போட்ட அண்டா, ஆட்டுக்கல், டாக்டர் வீட்டுச் சாய்வு நாற்காலி என்று கிடைத்ததைப் போட்டு ஊர் உட்கார்ந்தது. முதலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வருசக்கணக்காகப் பேசாதவர்கள் பேச ஆரம்பித்தால் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு இதெல்லாம் சரிப்படாது என்று முடிவு கட்டுகிறவர்கள் அத்தனை வருச அமைதியின்போது எங்கே இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். பிறகு தொண்டை வறண்டு அடங்கியபோது, மேசையில் தலை சாய்த்திருந்த ஒரு டியூஷன் பிள்ளை, "தலைவர் இருமுறது கேக்கு" என்று சொன்னது. மற்றவர்களும் காதை வைத்துப் பார்த்தார்கள். நல்ல வேங்கை மரம்; ஒரு முனையில் பேசுவது மறுமுனை வரை தெளிவாகக் கேட்டது. வகுப்பில் தூங்குகிற பிள்ளைகள் மாதிரி ஊரே கன்னத்தை மேசையில் வைத்துப் படுத்துக்கொண்டது.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் தலைமாட்டில் குற்றாலிங்கம் தன் பெண்சாதியிடம் கிசுகிசுத்தது, டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் காளவாசல் குழாயடியிலும் கேட்டது.

"நீ வாயத் தெறக்காத வடிவு. நான் பேசிக்கிடுதேன். நீ கையெழுத்தப் போட்டாப் போதும்."

யாரும் சிரிக்கவில்லை. கேட்ட பெண்கள் அநேகம் பேருக்கு அது தங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்ட குரல் மாதிரியே இருந்தது. கேட்ட ஆண்கள் சிலர் காதை எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். பேச்சிக்கனி மரத்தோடு வாயை வைத்து, மெதுவாக, "தலைவரம்மா, இங்கன எங்க பக்கத்துல எடம் இருக்கு" என்றாள்.

மரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் தள்ளப்படுவது கேட்டது. சண்முகவடிவு அந்த நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கி, மேசையின் ஓரமாகவே நடந்து வந்தாள். பீர் பாய் எழுந்து நின்று டீ நீட்டினார், அவள் வாங்கிக் குடித்தாள். ரேஷன் கடை முன்னால் ஒருத்தி தன் பருப்பில் கிடந்த கல்லைக் காட்டினாள், அவள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். ரத வீதியில் தன் வீட்டு வாசலைக் கடந்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மந்திரமூர்த்தி நாற்காலியை வாங்கிக்கொள்ள வந்தார், "வேண்டாம் அண்ணாச்சி, கனமில்ல" என்று தலையசைப்பிலேயே சொல்லிவிட்டாள். குழாயடிக்கு வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடியிலிருந்த கையை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

பேச்சிக்கனி தன் வழக்கைச் சொன்னாள். தங்கேஸ்வரியைச் சொன்னாள், நிறுத்தப்பட்ட பிள்ளைகளைப் பேர் பேராகச் சொன்னாள், பழையபடி ஆறு மணிக்கே தண்ணீர் வேண்டும் என்று முடித்தாள். ஊர் உச்சுக்கொட்டியது. வழக்கு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்த நேரத்தில், மண்டபத்துப் பக்கமிருந்து ஒரு குரல் மரத்தில் ஏறி வந்தது.

"யக்கா, நான் மேட்டுத்தெரு ரெஜினாமேரி. பெரியாஸ்பத்திரில வார்டு கூட்டுதேன். இப்ப ஒங்க ஆறு மணித் தண்ணி எங்க தெருவுக்குத்தான் வருது. மண்டபம் எங்க தெரு மொனையில இருக்கு, கல்யாணச் சமையலுக்குக் காலைலயே தண்ணி வேணும்னுதான் மாத்துனாக, எங்களுக்காவ ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கு முன்னால அந்தப் பத்தரை மணித் தண்ணி யாருக்கு வந்துச்சுன்னு நெனைக்கீக? எங்களுக்குத்தான். எங்க புள்ளைக நின்னு புடிச்சுதுக. எம் பெரிய மக எட்டோட நின்னுட்டா. அப்ப நீங்க யாராவது வந்து என்ன ஏதுன்னு கேட்டீகளா?"

பேச்சிக்கனிக்கு முகம் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. இத்தனை வருசம் ஆறு மணிக்குக் குடம் வைத்தபோது, அந்த ஆறு மணி யாருடைய பத்தரை மணியில் நிற்கிறது என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. பதிலுக்குக் கத்த வேண்டும் போலவும் இருந்தது. கத்துவதற்கு ஒன்றும் இல்லை போலவும் இருந்தது. தெரு அவளையே பார்த்தது. எதிரே மண்ணில் சம்மணமிட்டிருந்த தங்கேஸ்வரியும் பார்த்தாள்.

"கேக்கல தாயி. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லுதது ஞாயம் ஆயிராது" என்றாள் பேச்சிக்கனி. "ஒன் மக பேரென்ன?"

"பிரின்சி."

"பிரின்சி திரும்பப் போவாளா?"

"பரிட்சைய டுடோரியல்ல எழுதலாங்காக. தண்ணி ஒழுங்கா வந்தாப் போவா."

"அப்பம் ஒரு வாரம் ஒங்களுக்கு ஆறு மணி, ஒரு வாரம் எங்களுக்கு. ஆறு இல்லாத வாரம் சாயங்காலம், வேன் திரும்பி வந்ததுக்கப்புறம். சம்மதமா?"

"சாயங்காலம்னா சரிதான்க்கா. நானும் டூட்டி முடிச்சு வந்துருவேன். ஆனா சாயங்காலத் தண்ணி நம்ம தண்ணியா?"

இல்லை. சாயங்காலத் தண்ணீர் ரத வீதித் தண்ணீர். தொட்டி ஒன்று, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான் திறக்க முடியும். அப்படியானால் ரத வீதிக்கு மிஞ்சுவது அந்தப் பத்தரை மணி. மேசையில் ஊர் முழுக்கக் கணக்குப் போட்டது, போட்டவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ரத வீதிக்காரர்கள் காது வைத்திருந்த இடத்திலிருந்து முதலில் ஒரு முனகல், பிறகு, "பகல்ல யாருங்க வீட்ல நின்னு மோட்டார் போடுறது? நாங்க எல்லாம் கடை கண்ணிக்குப் போறவங்க" என்று ஒரு குரல். "அந்தக் கேள்விதாம்ப்பா, அதத்தான் நாங்களும் கேட்டோம்" என்று காளவாசலில் யாரோ சொல்ல, மேசை நெடுக ஒரு சிரிப்பு ஓடி, டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றது. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வீட்டில் நிலத்தடித் தொட்டி இருப்பதாகவும், எந்த நேரம் வந்தாலும் அது தானே நிரம்பிக்கொள்ளும் என்றும், ஆனால் மற்றவர்களைப் பற்றித் தான் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மற்றவர்கள் வீட்டிலும் தொட்டி இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும்.

தலைமாட்டிலிருந்து குற்றாலிங்கத்தின் குரல் வந்தது. இப்போது அவரும் கன்னத்தை மேசையில் வைத்துத்தான் பேசினார். அப்படி வைத்தால் யாருக்குமே அதிகாரமாகப் பேச வராது. "எல்லாம் பரிசீலனை பண்ணி, ஆவன செய்யப்படும். கூட்டத்த முடிச்சுக்கிடுவோம்."

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட கேக்கல" என்றாள் பேச்சிக்கனி. அவள் காதை மரத்திலிருந்து எடுத்து நிமிர்ந்து, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவளை நேராகப் பார்த்தாள். "தலைவரம்மா, நாளைக்கு எம் மக பள்ளிக்கூடம் போணுமா, வேன்ல ஏறணுமா? நீங்க சொல்லுங்க."

சண்முகவடிவு பேசிப் பழக்கமில்லாததால் முதலில் உதட்டை நனைத்துக்கொண்டாள். ஊரின் அத்தனை காதும் மரத்தில் இருந்தது. தலைமாட்டில் குற்றாலிங்கம், "வடிவு, ரத வீதி நம்ம தெரு, பாத்துப் பேசு" என்று சொன்னதும் அதில் கேட்டது. அவள் குனிந்து, மேசையோடு வாயை வைத்து, ஜெயித்து வந்த நாளிலிருந்து அந்த மேசையில் பேசியிராத தன் முதல் பேச்சைப் பேசினாள்.

"பள்ளிக்கூடம் அனுப்புங்க. பத்தரை மணித் தண்ணிய நாளையிலருந்து எங்க ரத வீதிக்கு விடச் சொல்லுதேன். அந்நேரம் நான் ஆபீஸ்ல இருப்பேன். எங்க வீட்ல அவுக நின்னு புடிச்சு வச்சிருவாக."